வெட்டி எடுத்த அடிவரிகள்

செப்டம்பர் 9, திங்கள்

இன்றோடு ஸ்பேனர் பிடிப்பது முடிந்தது. சர்வீஸ் சென்டரில் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவனை எழுப்பி ஜெயசிங் சாரிடம் அனுப்பியிருக்கிறது கம்பெனி. அவர் கம்பெனியின் பதிப்புரிமைக்குக் காவல் இருக்கும் ஏஜென்சிக்காரர். மீசை போலீஸ் மாதிரி, ஆள் போலீஸ் இல்லை. என் வேலை சுலபம். வெளி ஒர்க்‌ஷாப்புகளில் அகப்படும் ஜெராக்ஸ் கட்டுகளைப் பார்த்து, இது எங்கள் ஒர்க்‌ஷாப் மேனுவல்தான் என்று கையெழுத்துப் போட வேண்டும். எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்குவது, எந்த ஒயர் எங்கே போகிறது, எல்லாம் அதில் இருக்கிறது. கம்பெனி அதை வெளியாட்களுக்கு விற்பதில்லை. ஒரே ஒரு வழக்கு உருப்படியாக நின்றால் எனக்கு ஒரகடம் பயிற்சி மையத்தில் டிரெய்னர் வேலை. ஏசி வகுப்பறை, வெள்ளைச் சட்டை.

அக்காவிடம் ஆபீசுக்கு மாற்றல் என்று மட்டும் சொன்னேன். அம்சவேணி அக்காவுக்கு அது போதும். இனி சட்டையில் ஆயில் கறை இருக்காது என்று கேசரி கிண்டினாள். அவள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறேன். அவள் கணவர் நாச்சிமுத்து மாமாவுக்கு இங்கே ஒண்டிப்புதூரிலேயே சொந்த ஒர்க்‌ஷாப். சாப்பிடும்போது, "ஏன் மாப்ள, இனி வண்டிய உட்டுப்போட்டு காயிதத்துக்கு ரிப்பேர் பாக்கப் போறயா?" என்றார். அவர் ஜோக்குக்கு அவரே சிரிப்பார். ரசம் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்குத் திருப்தி.

செப்டம்பர் 12, வியாழன்

கணபதி, பீளமேடு பக்கம் ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக ஏறி இறங்கினோம், கஸ்டமர் மாதிரி. எங்கே போனாலும் அதே ஜெராக்ஸ். பிரேக் பற்றிய பக்கத்தில் ஒரு டீ கிளாஸ் வட்டம். எல்லாப் பிரதியிலும் அதே இடத்தில் அதே வட்டம். ஜெயசிங் சார் வண்டியில் ஏறியதும் சொன்னார்: "எல்லாம் ஒரு தாய்க்குப் பொறந்த பிள்ளைங்க தம்பி. தாயைப் பிடிக்கணும்."

இன்னொன்றும் கவனித்தார். பக்கங்களின் அடியில், ஒரு விரற்கடை உயரத்தில், தாளை வெட்டிய விளிம்பு கோடாக விழுந்திருக்கிறது. மேனுவலை கம்பெனி கணினியில் திறந்து பிரிண்ட் போட்டால், ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே ஒரு வரி தானாக விழும். யார் பெயரில் உள்ளே நுழைந்தார்கள், எந்தத் தேதி. அந்த அடிவரியை யாரோ ஒன்றுவிடாமல் வெட்டியிருக்கிறார்கள். "வெவரமானவன்" என்றார்.

ஆமாம் சார், விவரமானவன்தான் என்றேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மாமாவின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஒரு வண்டிக்கு இன்ஜின் ஹெட்டை மூடிக்கொண்டிருந்தார். மேனுவலின் பக்கம் ஒன்று ஜாக்கி ஓரமாகக் கிடந்தது. மிதித்துக்கொண்டு போனேன். டிபன் கேரியரோடு வந்த அக்கா பதறிப்போய்க் குனிந்து அதை எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். "எழுத்து இருக்குதுடா தம்பி. காலு படலாமா?" என்றாள்.

அதில் இருந்தது போல்ட் முறுக்கும் வரிசை. ஆங்கிலத்தில். அவளுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து தெரியாது. அவளுக்கு அது சரஸ்வதி. மூட நம்பிக்கை என்றேன். இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

நான் வந்த விஷயம் வேறு. மாமா அந்த மேனுவல் கட்டை யார் கேட்டாலும் கொடுக்கிறார். எதிர்க்கடைக்காரனுக்குக்கூட. கேட்டு வருகிறவனைக் கால்மணி நேரம் கேலி செய்வார், அதுதான் வாடகை. அவன் அழாத குறையாக வாங்கிக்கொண்டு போய் ஜெராக்ஸ் எடுத்துவிட்டுத் திருப்பித் தருவான். இதை நிறுத்துங்கள் என்றேன். பதிப்புரிமை என்று ஒன்று இருக்கிறது, உட்கார்ந்து எழுதினவன் உழைப்பு இருக்கிறது என்று பொறுமையாகவே சொன்னேன்.

மாமா ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"வண்டி வாங்குனவன் முழுசாக் காசு குடுத்துட்டான். வண்டி அவனுது. அதக் கழட்டற வழி மட்டும் கம்பெனிக்காரனுதா? பொண்ணக் கட்டிக் குடுத்துட்டு, தாலி மட்டும் எங்க பொட்டில இருக்கட்டும்னு சொன்னானாமா ஒருத்தன்."

பக்கத்தில் இருந்த பெயிண்டரும் வெல்டரும் சிரித்தார்கள். திருட்டுக்கு நன்றாகக் கதை சொல்கிறீர்கள் என்றேன்.

"திருட்டா? அப்பறம் இத எனக்குக் கொண்டாந்து குடுத்த புண்ணியவான் யாருன்னு இவங்களுக்குச் சொல்லட்டுமா மாப்ள?"

அவர் எதையாவது உளறுவார். எழுதத் தேவையில்லை. டிப்ளமா படித்தவனை நாலு பேர் முன்னால் 'ஏட்டுச் சுரைக்காய்' என்று வருடக்கணக்கில் கூப்பிட்டால், எவனும் ஒருநாள் எதையாவது கொண்டுவந்து முகத்தில் எறியத்தான் செய்வான். அது திருட்டில் சேராது.

செப்டம்பர் 18, புதன்

பைக் செயின் தளர்ந்திருந்தது, சரிசெய்தேன். மழை.

செப்டம்பர் 23, திங்கள்

தலைமை அலுவலகத்தில் பழைய பதிவுகளைத் தோண்டப் போகிறார்களாம். மூன்று வருடத்தில் யார் யார் பெயரில் எவ்வளவு பிரிண்ட் போனது என்று பார்த்தால் ஆள் தெரிந்துவிடும் என்றார் ஜெயசிங் சார். நல்ல யோசனை சார் என்றேன். பிறகு சாதாரணமாகக் கேட்பது மாதிரி, தாய்ப் பிரதியே கையில் கிடைத்துவிட்டால் அதெல்லாம் தேவைப்படாதில்லையா என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "கிடைச்சா எதுக்குத் தோண்டணும்? வெச்சிருக்கறவன் மேல கேசு. முடிஞ்சது" என்றார்.

சோறு இறங்கவில்லை. அக்காவின் புளிக்குழம்பில் உப்பு அதிகம். சொன்னேன். நாக்கு கெட்டுக் கிடக்கிறது என்று நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். கையைத் தட்டிவிட்டேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

மாமாவின் ஒர்க்‌ஷாப் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். தெரிந்தவர் என்று மட்டும் சொன்னேன். உறவு என்பதற்காக மறைத்தால் அதுதான் நேர்மைக் குறைவு. சட்டம் சட்டம்தான்.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஜெயசிங் சாரின் ஆள் நேற்று அங்கே போய் வந்திருக்கிறான். ஒரு காகிதம்கூடக் கண்ணில் படவில்லையாம். படாது. மாமா கட்டுகளை ஒரே இடத்தில் வைக்க மாட்டார். பிரேக் பக்கங்கள் உடைந்த வேனின் சீட்டுக்கு அடியில், ஒயரிங் பக்கங்கள் மேலே தகரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில், இன்ஜின் எவன் வீட்டிலோ. ரெய்டு போனால் பாதிகூடத் தேறாது. ஜெயசிங் சார் சலித்துக்கொண்டார்.

நான்தான் சொன்னேன், ஆயுத பூஜை அன்று போங்கள் என்று.

அன்றைக்கு எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். ஒரு ஸ்க்ரூடிரைவர் பூஜைக்கு விட்டுப்போனால் அது கோபித்துக்கொண்டு வருடம் முழுக்கக் கையைக் குத்தும் என்று நம்புகிற ஆள் மாமா. இரவல் போன ஸ்பேனரை வீடு வீடாகப் போய் வாங்கிவருவார். புத்தகத்தை விடுவாரா? எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, சந்தனம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்குவார். வைத்ததை மறுநாள் விஜயதசமிக்கு எடுக்கும்வரை தொடக்கூடாது. போலீஸ் வந்து நின்றால்கூடத் தூக்கி ஒளிக்க அவருக்குக் கை வராது.

ஜெயசிங் சார் வாய்விட்டுச் சிரித்தார். "தம்பி, நீங்க தப்பான படிப்புப் படிச்சிட்டீங்க" என்றார். அவர் பாராட்டுவது அபூர்வம்.

அக்டோபர் 4, வெள்ளி

ஒரகடத்துக்கு என் பெயர் போய்விட்டதாம். வெள்ளைச் சட்டை இரண்டு தைக்கக் கொடுத்தேன். கொடுத்தேன் என்றால் அக்காவிடம்தான். அவளிடம் மிஷின் இருக்கிறது.

அக்டோபர் 10, வியாழன்

ஒர்க்‌ஷாப்பைக் கழுவ ஆள் போதவில்லை என்று மாமா கூப்பிட்டார். போனேன். டீசல் ஊற்றித் தரையைத் தேய்த்தோம். கம்ப்ரெஸருக்குப் புதுப் பெயிண்ட். வேன் சீட்டுக்கு அடியிலிருந்தும் தகரத்துக்கு மேலிருந்தும் கட்டுகள் வந்து சேர்ந்தன. இன்ஜின் கட்டை ஒருவன் சூலூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மாமாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனான். மாமா என்னிடம், "நீ படிச்சவன். நீயே அடுக்கு மாப்ள, வரிச மாறாம" என்றார். கேலியாகத் தெரியவில்லை. அடுக்கினேன். டீ வட்டம் இருக்கிற தாய்ப் பிரதி மேலே தெரிகிற மாதிரி.

எடுத்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் அடியில் நேராக, சுத்தமாக வெட்டியிருக்கிறது. துணி வெட்டும் கத்திரி. அக்கா எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்வாள். வெட்டியதை எரித்துவிடு என்று அப்போதே சொல்லியிருந்தேன், சரி என்றாள். சொன்னதைச் செய்கிறவள். மறுபடி கேட்க வேண்டியதில்லை.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். பிறகு யாராவது கேட்டால் வேண்டும்.

ஜீப் தெருமுனையில் நின்றது. எஸ்.ஐ., இரண்டு கான்ஸ்டபிள், ஜெயசிங் சார், நான். உள்ளே கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா வெள்ளை வேட்டியில், திருநீறோடு, அடையாளமே தெரியவில்லை. நகக்கண்ணில்கூடக் கறுப்பு இல்லை. வாழை இலையில் ஸ்பேனர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தனப் பொட்டு. கம்ப்ரெஸருக்கு மாலை. சரஸ்வதி படத்துக்கு முன்னால் நான் அடுக்கிய கட்டுகள், மேலே குங்குமம் வைத்து. பெயிண்டர், வெல்டர், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் கைகூப்பி நின்றிருந்தார்கள். எஸ்.ஐ. கற்பூரம் அணையும்வரை பொறுத்தார். பெரிய மனிதர். ஒரு கான்ஸ்டபிள் தட்டிலிருந்து ஒரு பிடி பொரி எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

புகார் விவரத்தை எஸ்.ஐ. சொன்னதும் மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"அட, மாப்ளயே வந்துட்டான். இவன் என்ற மச்சினனுங்க சார். அந்தக் கம்பெனிலதான் இருக்கறான், பெரிய வேலைல. இவனையே கேளுங்க, சொல்லுவான்."

ஜெயசிங் சார் என் பக்கம் திரும்பினார். மச்சினன் என்பது அவருக்குப் புதுச் செய்தி. பேனாவை நீட்டினார்.

நான் மேலே இருந்த கட்டை எடுத்தேன். பூஜையில் வைத்ததை எடுக்கிறேனே என்று யாரோ உச்சுக்கொட்டினார்கள். நாலு பக்கம் புரட்டினேன். இது கம்பெனியின் மேனுவலின் பிரதிதான் என்று சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். மாமா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. அதன்பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வாய் மூடியிருந்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கட்டுகளை ஜீப்புக்குக் கொண்டுபோக ஆள் இல்லை. அவர் தலையிலேயே வைத்து நடக்கச் சொன்னார்கள். "சீர்வரிசை கொண்டுபோறான் பாரு" என்றான் பொரி தின்ற கான்ஸ்டபிள். தெருவே வேடிக்கை பார்த்தது. வியர்வையில் கட்டுகளின் குங்குமம் கரைந்து காது வழியாக வேட்டியில் சொட்டியது. மண்டை உடைந்தவர் மாதிரி இருந்தார். உடைக்க வைத்திருந்த பூசணிக்காய் வாசலிலேயே கிடந்தது.

அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, சொல்லுடா. உங்காபீஸ்தானே. சொன்னாக் கேப்பாங்கல்ல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இதோடு முடிந்திருக்க வேண்டியது.

சரஸ்வதி படத்துக்குப் பின்னால் ஒரு மஞ்சப்பை. அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு. கான்ஸ்டபிள் அதையும் எடுத்து மேஜையில் கவிழ்த்தான். விரற்கடை அகலத்துக்கு நீளநீளமான காகிதத் துண்டுகள், கற்றை கற்றையாக, சிவப்பு நூலில் கட்டி, ஒவ்வொரு கற்றைக்கும் ஒரு பொட்டு வைத்து. ஜெயசிங் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றை உருவினார். சத்தமாகப் படித்தார். என் பெயர், தேதி. இன்னொன்று. என் பெயர், தேதி. கற்றையைப் பிரித்து நடுவிலிருந்து ஒன்று. "எல்லாத்துலயும் யுவராஜ்தான்" என்று எஸ்.ஐ.யைப் பார்த்துச் சிரித்தார்.

அக்காவுக்கு ஆள் சிரித்ததும் தைரியம் வந்துவிட்டது. முந்திக்கொண்டு சொன்னாள்:

"தம்பி எரிக்கத்தானுங்க சொன்னான். எழுத்த எப்படிங்க எரிக்கறது? அதான் வருசா வருசம் பூசைல வெச்சு எடுத்து வெக்கறேன். ஒரு துண்டுகூடக் கீழ போடலீங்க."

எனக்காகப் பரிந்து பேசுவதாக நினைப்பு.

ஒரு வேலை. ஒரு தீக்குச்சி. அதைச் செய்யத் தெரியவில்லை. அறிவு இல்லாதவர்களோடு இருந்தால் இப்படித்தான்.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

ஒர்க்‌ஷாப்பில் சீல். பூஜையில் வைத்த ஸ்பேனர்களை எடுக்கவேண்டிய நாள், பூட்டுக்கு வெளியே நின்று அக்கா கும்பிட்டுவிட்டு வந்தாள்.

மாமாவை நேற்று மாலையே மாஜிஸ்திரேட் வீட்டில் நிறுத்தி ரிமாண்ட் செய்துவிட்டார்கள். காகிதம் எங்கிருந்து வந்தது என்று ஸ்டேஷனில் கேட்டதற்கு, உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் கிடந்தது என்றாராம். துண்டுகளைக் காட்டிக் கேட்டபோதும் அதேதான். கன்னத்தில் இரண்டு விழுந்தபிறகும் அதேதான். ஜெயசிங் சார்தான் சொன்னார். பொய் சொல்வதில்கூட மாமாவுக்கு ஒரு நேர்த்தி கிடையாது.

எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார் ஜெயசிங் சார். நேராக விஷயத்துக்கு வந்தார். கையெழுத்துப் போட்டவனே களவாணி என்றால் கேஸ் நாறிவிடும், கம்பெனிக்கும் அசிங்கம், அவருக்கும் அசிங்கம். என் பெயரில் வேறு யாரோ நுழைந்திருந்தால் கதை வேறு. "உங்க பாஸ்வேர்டு வீட்ல யாருக்காவது தெரியுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

யோசிப்பதாகச் சொன்னேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

அந்தப் பிரிண்ட் போன வருடம் சர்வீஸ் சென்டர் லேப்டாப்பையும் பிரிண்டரையும் வீட்டுக்கு எடுத்துவருவேன். லேப்டாப் திறந்தபடியே மேஜையில் கிடக்கும். அறையைப் பெருக்க அக்கா தினமும் மாடிக்கு வருவாள். அவளுக்குத் தெரிந்திருக்கலாம்.

அக்டோபர் 14, திங்கள்

தெரிந்திருக்கும்.

அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராதே என்று ஜெயசிங் சாரிடம் நானே எடுத்துச் சொன்னேன், பின்னால் ஓட்டை விழக்கூடாது என்று. "படிக்க எதுக்குத் தெரியணும்? பிரிண்ட் அமுக்கத் தெரிஞ்சா போதும். புருஷன் சொல்லியிருப்பான்" என்றார். நியாயம்தான். வெட்டியதை அவளே எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டிருக்கிறாள். துண்டுகள் அவள் பையில் இருந்தன. கத்திரி அவளுடையது. பெண், முதல் குற்றம், பெரிதாக ஒன்றும் ஆகாது. கோர்ட்டுக்கு நாலைந்து வருடம் அலைய வேண்டியிருக்கும். மிஷினைத் தவிர அவளுக்கு வேறு வேலை ஒன்றும் இல்லை.

அவளுக்குத் தெரியும். இப்போது நினைத்துப் பார்த்தால், நன்றாகத் தெரியும்.

அக்டோபர் 15, செவ்வாய்

வாக்குமூலத்தை ஜெயசிங் சாரின் ஆபீசில் ஆங்கிலத்தில் டைப் செய்து கொடுத்தார்கள். மதியத்துக்குள் கையெழுத்தோடு வேண்டும். கிளம்பும்போதே மாமாவுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது, சாயங்காலம் வெளியே வந்துவிடுவார் என்றார்கள்.

வீட்டில் அடுப்பு பற்றவைத்ததாகத் தெரியவில்லை. அக்கா மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என் இரண்டாவது வெள்ளைச் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். முதல் சட்டை மடித்து வைத்திருந்தது. உட்காரச் சொன்னாள். நேரமில்லை என்றேன்.

காகிதத்தை நீட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். நடந்ததுதான் எழுதியிருக்கிறது என்றேன்.

"இதுல போட்டா உங்க மாமன உட்டுருவாங்களா?"

"சாயங்காலம் வந்துருவாரு."

அது பொய்யில்லை.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஃபேன் காற்றில் காகிதம் அவள் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து மிஷினின் மிதிபலகைக்கு ஓரமாகப் போனது. பிடிக்கப்போன என் கால்தான் அதன்மேல் பட்டது. ஷூவின் தடம் லேசாக விழுந்தது.

அக்கா குனிந்து எடுத்தாள். புறங்கையால் தடத்தைத் துடைத்தாள். வலது கண்ணில் ஒற்றினாள், இடது கண்ணில் ஒற்றினாள். பிறகு மிஷின் பலகையில் வைத்து, நான் விரல் காட்டிய இடத்தில், பள்ளிக்கூடத்தில் எழுதுவது மாதிரி ஒவ்வொரு எழுத்தாக அம்சவேணி என்று எழுதினாள்.

சட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டேன்.

வழியில் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவள் நெற்றிக் குங்குமம் காகிதத்தின் மேல்பக்கம் ஒட்டியிருக்கிறது. ஊதிப் பார்த்தேன், போகவில்லை. ஜெயசிங் சார் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். கொடுப்பதற்கு முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று பஸ் ஸ்டாண்ட் கடையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். எழுத்தெல்லாம் தெளிவாக இருக்கிறது. குங்குமம் மட்டும் கறுப்பாக விழுந்திருக்கிறது.